ஆற்றங்கரையில் நின்றுபோகும் கார்

இரத்தினபுரியில் ஜன்னலுக்குப் பட்டுத் திரை போட்ட மோட்டார் கார் முதன்முதலாக வந்தது எங்கள் பெரியவாப்பாவின் வீட்டுக்குத்தான். அவர் என் வாப்பாவுக்கு மூத்தவர், மாணிக்கக்கல் வியாபாரி. நல்ல நீலக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனவர், காரில் ஏறித் திரும்பி வந்தார். அதற்கு முன் ஊருக்குள் கார் வராமலில்லை. தோட்டத்துத் துரைமார் கூரையைச் சுருட்டி வைத்த வண்டிகளில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பறப்பார்கள். ஆனால் இது அந்த மாதிரி வண்டியல்ல. சக்கரம் வைத்த ஓர் அறை.

முன்னால் டிரைவர் இருக்கும் இடத்துக்கும் பின்னால் நாங்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் மெத்தை. ஜன்னலோரம் விரல் நீளத்தில் ஒரு வெள்ளிப் பூச்சாடி, அதில் பெரியவாப்பாவின் மனைவி பெரியும்மா வைக்கும் ஒற்றை மல்லிகைக் கொத்து. பச்சைத் திரைகளை இழுத்துவிட்டால் வெயில் உள்ளே வரும்போது பச்சையாகிவிடும். பெரியும்மாவின் கைகளும் என் கைகளும் பாசி படிந்த தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரியும். நான் ஒரு மீன் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவேன். பெரியும்மா சிரிப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் பேசுகுழாய். எங்கள் பக்கத்தில் ஒரு துணிக் குழாய் தொங்கும். நுனியில் யானைத் தந்தத்தில் ஒரு வாய். அதில் பேசினால் சொல் குழாய்க்குள் ஓடி டிரைவரின் காதோரம் போய் விழும். அவர் பேசினால் அதே வழியாக நம்மிடம் வரும். அந்நிய ஆணிடம் நேரே பேசாத பெரியும்மாவுக்கு அது வசதி என்று நினைத்துத்தான் பெரியவாப்பா அதைச் சொல்லி வைத்துப் பொருத்தியிருந்தார். பெரியும்மாவோ அதைத் தொடுவதே இல்லை. என் காதில் சொல்வார். நான் குழாயில் சொல்வேன்.

பெரியவாப்பாவுக்கும் பெரியும்மாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் வெளியே போகும்போதெல்லாம் என்னை என் உம்மாவிடம் இரவல் கேட்பார்கள். நானும் இரவல் பொருளுக்குரிய பெருமையோடு போய்வருவேன்.

கஹவத்தைக்கு அப்பால் பெரியவாப்பாவுக்கு ஒரு றப்பர் தோட்டம் இருந்தது. அங்கே சின்னதாக ஒரு பங்களா. பெரியும்மாவின் நெஞ்சு இளைப்புக்கு மேட்டுக் காற்று நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை போய்ச் சில நாட்கள் தங்குவோம். சமையற்காரி முதல் நாளே மாட்டு வண்டியில் போய்விடுவாள். பெரியவாப்பாவுக்குக் கல் வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கும், அவர் வரமாட்டார். காரில் நானும் பெரியும்மாவும், கண்ணாடிக்கு முன்னால் டிரைவரும்தான்.

டிரைவர் எங்கள் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். ஒரு துரை பங்களாவில் கார் கழுவப் போய், கழுவின காரையே ஓட்டவும் பழகிக்கொண்டவர். ஒல்லியான ஆள். வளைவுகளில் பந்துபோல இருக்கும் ஊதுகுழலைப் பிசைவார். கார் எருமை மாதிரிக் குரல் கொடுக்கும்.

பெல்மதுளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சாலை ஆற்றோடு சேர்ந்து வளையும். ஒரு பக்கம் மலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் பாறை. மறுபக்கம் மூங்கில், அதற்குக் கீழே ஆறு. அந்த இடத்தில், சின்னப் பாலம்போன்ற ஒரு மதகின் பக்கத்தில், கார் நின்றுபோகும். சாவதுபோல மெல்ல மெல்ல மூச்சு விட்டு நிற்கும். டிரைவர் இறங்கி முன்மூடியைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விடுவார். பெரியும்மா ஆற்றுப் பக்கத்துத் திரையைக் கொஞ்சம் விலக்குவார். நான் சாய்ந்து உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தைக் கேட்பேன். இஞ்சின் சத்தம் அடங்கியதும் அந்தச் சத்தம் எங்கிருந்தோ எழுந்து காரை நிரப்பும். பல தடவை நான் அப்படியே தூங்கியிருக்கிறேன். விழிக்கும்போது கார் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்கரையில் ஒரு வீடு உண்டு. படித்துறையில் வெள்ளைச் சீலை உடுத்த ஒரு வயதான பெண் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் ஆட்கள் நிற்பது என்ன புதினமா? நான் அதை யோசித்ததே இல்லை.

நாங்கள் நேரம் பிந்திப் போவதும் பிந்தித் திரும்புவதும் பெரியவாப்பாவின் காதுக்கு எட்டியது. கேட்டால், "வண்டி நின்னுபோச்சுங்க முதலாளி" என்பார் டிரைவர். ஒருமுறை, இருமுறை என்றால் பொறுத்திருப்பார். அந்தச் சாலையால் மாட்டு வண்டி ஓட்டிப் போன யாரோ ஊர்க் கடையில், "உங்கட பெரிய காரை எங்கட மாடு முந்திட்டு வந்திச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அன்று பெரியவாப்பா சோறு சரியாகச் சாப்பிடவில்லை. கார் விற்ற கொழும்புக் கம்பெனிக்குக் கடுமையாக எழுதிப் போட்டார். கம்பெனியும் ஆளை அனுப்பியது.

வந்தவர் கொழும்புத் தமிழர். வெள்ளைக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, கையில் தோல் பை ஒன்றோடு வந்து இறங்கினார். வாடிக்கையாளர் குறை சொன்னால் போய்க் கேட்டு வருவதுதான் அவருடைய உத்தியோகமாம். இப்படியும் ஒரு உத்தியோகமா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் குறை கேட்பதற்குச் சம்பளம் கொடுத்திருந்தால் என் உம்மா பெரிய பணக்காரியாகியிருப்பார்.

அவர் அந்த வேலையைச் செய்த விதம் இன்றும் எனக்குக் கண்முன் நிற்கிறது. பெரியவாப்பா கோபமாகப் பேசப் பேச, அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதையும் மறுக்கவில்லை. "ஓம் முதலாளி. அதுக்குப் பிறகு?" என்றார். "நிக்கிறதுக்கு முந்தி எப்பிடிச் சத்தம் போடும்? இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். பெரியவாப்பா தான் கேட்டே இராத சத்தத்தை மூன்று விதமாகச் செய்து காட்டினார். மூன்றாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. கோபம் தொதலோடு கரைந்தது.

அப்புறம் அவர் மற்ற இடத்துக் கதைகள் சொன்னார். புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் துரை ஒருவருடைய கார் எப்போதும் இடதுபக்கமாகவே இழுக்கிறதாம். இவர் போய்ப் பார்த்தால், தோட்டத்து வாசலுக்கு இடதுபக்கம் போகிற பாதையில்தான் துரைமார் குடிக்கக் கூடுகிற கிளப் இருந்ததாம். ரம்புக்கனையில் ஒரு துரைசாணி, காருக்குள் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்று முறையிட்டாளாம். மெத்தைக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்ததாம்.

"காருக்கு வாய் இல்ல முதலாளி. ஆக்கள்ட குறையெல்லாம் அதுட தலையிலதான் விழும்" என்றார்.

"என்ட கார்ல பூனை இல்ல" என்றார் பெரியவாப்பா.

இருவரும் அன்றே காரில் கஹவத்தைவரை போய்வந்தார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆற்று வளைவில் பட்டுப்போல ஓடியதாம். திரும்பி வந்ததும் கம்பெனிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டியில பழுது ஒண்ணும் தெரியல்ல. ஓட்டுற கையைத்தான் பாக்கணும்."

பெரியவாப்பா, "அப்ப இந்த மாசத்தோட டிரைவர மாத்துறேன்" என்றார்.

முற்றத்தில் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரின் கை நின்றது. பிறகு அதே இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவியது. கதவுக்குப் பின்னால் நின்ற பெரியும்மா என்னைத் தன் பக்கம் இழுத்தார். என் காதில் சொன்னதை நான் நடுக்கூடத்தில் போய் நின்று ஒப்பித்தேன்.

"நாங்க போகக்குள்ளதானே நிக்கிது. எங்களோட ஒருக்கா வந்து பாத்துட்டு செல்லட்டாம்."

பெரியவாப்பா கதவுப் பக்கம் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

மறுநாள் காலை மழைத்தூறல். ஆதம் நபியின் கால் பதிந்ததாகச் சொல்லும் பாவா ஆதம் மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. கம்பெனிக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் திரையை இழுத்துக்கொண்டு பின்னால் இருந்தோம். கண்ணாடி வழியாக இரண்டு முதுகுகள் தெரிந்தன, ஒன்று வெள்ளைக் கோட்டு, ஒன்று காக்கிச் சட்டை. ஈரச் சாலையில் சக்கரம் ஓடுவது சேலை கிழிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டது. பெரியும்மா உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தார்.

வளைவு வந்தது. டிரைவர் ஊதுகுழலைப் பிசைந்தார். பிறகு அவருடைய இடது கை மெல்ல இறங்கிக் கால்மாட்டுப் பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அந்தக் கை அப்படி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கொசு கடித்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று கம்பெனிக்காரரின் தலையும் கீழ்நோக்கித் திரும்பியது. பெற்றோல் இஞ்சினுக்குப் போகும் குழாயை அடைக்கிற சின்னத் திருகு ஒன்று அங்கே உண்டென்பது பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். அதை மூடினால் குழாயில் மிச்சமிருப்பது தீரும்வரை கார் ஓடும், பிறகு நிற்கும். மதகுக்குப் பக்கத்தில் சரியாக நிற்க வேண்டுமென்றால் எங்கே மூட வேண்டும் என்பது அந்தக் கைக்குப் பழக்கமாகியிருந்தது.

கம்பெனிக்காரர் தலையைத் திருப்பி வெளியே பார்த்தார். கார் மூச்சு விட்டு நின்றது.

அவர் இறங்கி முன்மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தாரோ இல்லையோ, நிமிர்ந்து ஆற்றுப் பக்கம் பார்த்தார். மூங்கில்களுக்கு நடுவே, அக்கரைப் படித்துறையில், வெள்ளைச் சீலைக்காரப் பெண் தூறலில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை அசைக்கவில்லை. கூப்பிடவில்லை. சும்மா நின்றார். கம்பெனிக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார். திரை ஒரு சாண் விலகியிருந்தது.

முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்து, பேசுகுழாயில் குரல் கொடுத்தார். என் காதுக்குள் யாரோ புகுந்து பேசுவதுபோல இருந்தது.

"பாப்பா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. வண்டி எப்பவும் இந்த இடத்துலதானா நிக்கும்?"

பெரியும்மா தலையசைத்தார். "ஓம்" என்றேன்.

"திரும்பி வாறப்பவும்?"

"ஓம்."

"வெயில் நாள்ல, மழை நாள்ல, ரெண்டுலயும்?"

நான் மூன்றாவது ஓம் சொல்வதற்குள் பெரியும்மா என் கையிலிருந்து குழாயை வாங்கினார். அவர் அதைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். தந்த வாயை உதட்டோடு வைத்தார். கிணற்றுக்குள் பேசுவதுபோலக் குரல் மெல்ல வந்தது.

"டிரைவர்ல ஒரு பிழையும் இல்ல. நான்தான் சமையற்காரி மூலமா நிப்பாட்டச் சென்ன. அக்கரையில நிக்கிறது என்ட உம்மா. அந்த வாசல மிதிக்கக் கூடாதுன்டு செல்லிட்டாங்க. பாக்கக் கூடாதுன்டு செல்லல்ல. நான் பாக்க மட்டுந்தான் செய்றேன்."

எனக்குப் பெரியவர்களின் சண்டை அரைகுறையாகத்தான் தெரியும். பெரியும்மாவின் தங்கையை வாப்பாவின் கடைசித் தம்பியான சாச்சாவுக்குத் தருவதாகப் பேசி, பாயெல்லாம் விரித்துக் காத்திருந்தபோது, அந்த வீட்டார் பெண்ணைக் காலிப் பக்கத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியவாப்பாவுக்கு அது தலைகுனிவு. இனி இந்த வீட்டுக்கால் அந்த வீட்டில் படாது, அந்த வீட்டுக்கால் இங்கே படாது என்று சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். சபையில் சொன்னதை அவர் மாற்றியதை யாரும் பார்த்ததில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த வீடு இந்த ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது என்பதும், நான் தூங்கிப்போகிற அந்தக் கொஞ்ச நேரம் அதற்காகத்தான் என்பதும் அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

கூரையில் மழை மட்டும் கேட்டது. பிறகு கம்பெனிக்காரர் குழாயில் பேசினார்.

"அம்மா, நீங்க என்னமோ சொல்றீங்க போல. இந்தக் குழாயில ஒண்ணும் தெளிவாக் கேக்கல்ல. இதுலயும் பழுது இருக்கு."

நான் எட்டிக் குழாயைப் பிடித்து, "எங்களுக்கு நல்லாக் கேக்குதே" என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியும்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது.

தந்த வாய் என் மடியில் விழுந்து கிடந்தது. அதன் வழியாக முன்னால் பேசுவது மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர் டிரைவரிடம் கேட்டார்:

"பிழைப்புப் போயிடும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்ங்க."

"பிறகு என்னத்துக்கு?"

"எங்க ஆத்தா ராம்நாட்டுல கெடக்குங்க. பாக்கணும்னா நமக்குக் கடல் தாண்டணும். இவுகளுக்கு ஆறுதானுங்களே, ஐயா."

கம்பெனிக்காரர் இறங்கினார். தூறலில் நடந்துபோய் மதகின்மேல் உட்கார்ந்து, ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சூடு ஆறட்டும்" என்று மட்டும் சத்தமாகச் சொன்னார், காற்றிடம் சொல்வதுபோல. பெரியும்மா திரையை முழுக்க விலக்கினார். வேறெதுவும் நடக்கவில்லை. ஆறு ஓடியது. இந்தக் கரையில் ஒருவரும் அந்தக் கரையில் ஒருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வெளிச்சம் போய்க் காருக்குள் சாம்பல் வெளிச்சம் வந்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே திரும்பி வந்து கம்பெனிக்காரர் பெரியவாப்பாவிடம் சொன்ன விளக்கத்தை நான் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பழுது எங்கட வண்டியிலதான் முதலாளி. நேத்து நான் சொன்னது பிழை. இது குளிர்நாட்டுக்குச் செஞ்ச வண்டி. அந்த வளைவுல பாறைச் சூடும் ஆத்து ஆவியும் சேருது. பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாயிடுது. கொஞ்சம் நிப்பாட்டி ஆற விட்டா ஓடும். வேற வழியில்ல."

"இன்டைக்கு மழையல்லவா?" என்றார் பெரியவாப்பா.

"மழையில ஆவி இன்னும் கூடும்."

"நேத்து நாங்க போகக்குள்ள நிக்கல்லயே?"

கம்பெனிக்காரர் தொப்பியை மடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நேத்து திரை திறந்திருந்திச்சு முதலாளி. காத்து ஓடிச்சு. திரை மூடினா வண்டிக்கு மூச்சு முட்டும்."

பெரியவாப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. யாராவது கல் கொண்டுவந்தால் அதை இரண்டு விரலில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கல்லுக்குள் என்ன கண்டாலும் முகத்தில் காட்டமாட்டார். அப்படிப் பார்த்தார்.

"திருத்த ஏலாதா?"

"திருத்தலாம். திருத்தினா வேற எங்கயாச்சும் நிக்கும். தெரிஞ்ச இடத்துல நிக்கிறது நல்லது." கொஞ்சம் நிறுத்தி, "டிரைவர் நல்ல கை. அவர் இல்லாட்டி வண்டி கெட்டுப்போகும். அந்தப் பேசுகுழாயும் சரியாக் கேக்கல்ல. கம்பெனியில சொல்றேன்" என்றார்.

தன் கம்பெனி வண்டியைத் தானே குறை சொல்லிவிட்டுத் தோல் பையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கொழும்பில் போய் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பெரியவாப்பா மட்டும், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "விற்றவன் தன்ட பொருள்ல பிழை ஈக்கிதுன்டு செல்லினதை நான் இந்தக் கம்பெனியிலதான் கண்டேன்" என்று புகழ்ந்தார். அதைக் கேட்டு அவருடைய கூட்டாளிகள் சிலர் அங்கேயே போய்க் கார் வாங்கினார்கள்.

ஆனால் கம்பெனிக்காரர் போன அன்றைக்கே ஒரு காரியம் நடந்தது. பெரியவாப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு முற்றத்தில் நின்ற காருக்குப் போனார். என்னை டிரைவரின் இடத்தில் ஏற்றிவிட்டு, தான் பின்னால் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். என் காதோரம் அவருடைய குரல், கரகரப்புக்கூடக் குறையாமல், தெளிவாக வந்தது.

"மகள், நான் பேசுறது கேக்குதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. சோதிக்கிறார். பெரியும்மாவின் கை என் வாயில் இன்னும் இருப்பதுபோல இருந்தது. இந்த இடத்தில் நான் சமர்த்தாக இருக்க வேண்டும். கொஞ்சமும் தாமதிக்காமல் குழாயில் வாயை வைத்து, உரக்கச் சொன்னேன்:

"இல்ல பெரியவாப்பா. ஒண்டும் கேக்கல்ல."

நான் மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியவாப்பா துருக்கித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தந்த வாயைக் கையில் பிடித்தபடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயில் சொன்னார்:

"ம்ம். பழுதுதான்."

இரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியும்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிவிட்டது.

டிரைவர் வேலையில் நிலைத்தார். கார் ஆற்று வளைவில் வழக்கம்போல நின்றது. அதை யாரும் குறையாகப் பேசவில்லை. காலம் போய், இரு வீட்டாரும் ஒரு மரணத்துக்கும் ஒரு கலியாணத்துக்கும் இடையில் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். வாசல் மிதிக்கிற பேச்சும் மறந்துபோனது. அதெல்லாம் பின்னால். அதற்கு முன்பு ஒரு காலை இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர் வந்துபோன பிறகு வந்த பெருமழைக் காலம் அது. பெரியவாப்பா, "நானும் தோட்டத்துக்கு வாறேன்" என்று எங்களோடு ஏறிக்கொண்டார்.

பெரியும்மா ஒரு மூலையில், பெரியவாப்பா ஒரு மூலையில், நடுவில் நான். பச்சைத் தண்ணீர் வெளிச்சத்தில் மூன்று பேரும் மிதந்து போனோம். வளைவு நெருங்கியபோது டிரைவரின் முதுகு விறைத்தது. ஊதுகுழல் ஒலித்தது. அவருடைய இடது கை பிடித்திருந்த ஸ்டியரிங் சக்கரத்தை விட்டு அசையவில்லை. பெரியும்மா கண்ணை மூடிக்கொண்டார். மதகு கடந்துபோகப் போகிறது.

பெரியவாப்பா கையை நீட்டிப் பேசுகுழாயை எடுத்தார்.

"இங்கதானே சூடாகும்? நிப்பாட்டு."

கார் நின்றது. கேட்காத குழாயில் அவர் பேசினார், டிரைவருக்குக் கேட்டுவிட்டது. இதைப் பெரியவாப்பா கவனித்துவிட்டால் என்ன ஆவது? நல்லவேளை, அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சூடு ஆற நேரம் எடுக்கும். நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்து மரத்தை ஒருக்கா பாத்துட்டு வாறேன்." யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "மகள், நீயும் வா."

அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆற்றுக்கு எதிர்ப்பக்கம், பாறையை ஒட்டி மேலேறும் ஒரு ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் யாருடையதோ றப்பர் மரங்கள், மழையில் கறுத்து வரிசையாக நின்றன. பெரியவாப்பா ஆற்றுக்கு முதுகு காட்டி அங்கே நின்றார். எங்களுக்குப் பின்னால் கார்க் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சரளைக் கல்லில் செருப்பு ஓசை, மூங்கில் சருகு, பிறகு கீழே யாரோ தோணிக்காரனைக் கூப்பிடும் சத்தம்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவரும் திரும்புவார். அவரைத் திரும்பவிடக் கூடாது. எல்லாம் இப்போது என் கையில் இருப்பதாக எனக்குப் பட்டது.

"பெரியவாப்பா, இந்த மரத்துக்கு ஏன் இப்பிடிக் கீறியிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். எந்தப் பக்கமிருந்து கீற வேண்டும், எவ்வளவு ஆழம், ஆழமாகப் போனால் மரம் எப்படிப் புண்படும் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார்.

"பால் ஏன் வெள்ளையா ஈக்கிது?"

அதையும் சொன்னார்.

"சிரட்டையில மழைத் தண்ணி விழுந்தா?"

சொன்னார். கல்லைப் பற்றிக் கேட்டேன், நீலம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டேன், மலைக்கு மேலே ஆதம் நபியின் கால் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். வியாபாரத்துக்கு ஆள் வந்தால் இரண்டு வார்த்தைக்குமேல் பேசாத மனிதர், ஒவ்வொன்றுக்கும் நீளமாக, வளைத்து வளைத்துப் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு ஆற்றங்கரைப் பக்கம் அழுகைச் சத்தம்போல ஒன்று கேட்டது. உடனே குரலை உயர்த்தி இன்னொரு கேள்வி கேட்டேன். அவரும் குரலை உயர்த்திப் பதில் சொன்னார்.

கடைசியில் என்னிடம் கேள்வி தீர்ந்துபோனது. இனி அவர் திரும்பிவிடுவார் என்று பயந்து அவருடைய விரலை இறுக்கினேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"வேற என்ன கேக்கணும்? கேளு மகள். மழை இன்னும் விடல்லதானே."

மழை விட்டு வெகுநேரமாகியிருந்தது. இலைகளிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவாப்பா அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்துவிடாமலிருக்க வேண்டுமே என்ற கவலையோடு, விரித்த குடைக்குள் அவரை ஒட்டி நின்று, நான் அடுத்த கேள்வியை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.